இவன்தான் அவன்!
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘இவன்தான் அவன்’ வகைக் கதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். நாயகன் பிறக்கும்போதே உடம்பில் ஒரு குறி இருக்கும். அவன் பிறப்பதற்கு முன்பே யாரோ ஆரூடம் சொல்லியிருப்பார்கள். உலகத்தைக் காப்பாற்ற அவன் ஒருவனால்தான் முடியும். இப்படிப்பட்ட மாயக்கதைகளை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘இவன்தான் அவன்’ என்று சொன்னது யார், சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்காத கதையை நான் நம்புவதில்லை என்று முடித்திருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன, கோபமான கடிதங்களும் நிறைய. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: விடுதியில் தினமும் இதே சண்டைதான் அக்கா. ஆரூடம் இல்லாவிட்டால் ஹாரி பாட்டர் கதையே இல்லை என்கிறேன் நான். ஆரூடம் என்பதே எழுதுகிறவரின் சோம்பேறித்தனம் என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?

பொதுவாகப் பேசினால் உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாயகன் ஏன் உயிரைக் கொடுத்துப் போராட வேண்டும் என்பதற்கு எழுதுகிறவரிடம் காரணம் இருக்காது. உடனே ஒரு பழைய சுவடியை எடுத்து நீட்டிவிடுவார். “நீதான்பா அது, கிளம்பு.” அவனும் கிளம்பிவிடுவான். அந்த மாதிரி கதைகளை நானும் பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஹாரி பாட்டரை அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். 2003-ல் வந்த ஐந்தாம் பாகத்தை நினைத்துப் பாருங்கள். மந்திர அமைச்சகத்தில் அலமாரி அலமாரியாகக் கண்ணாடி உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆரூடம். ஹாரியைப் பற்றிய உருண்டையின் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில், அவன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி இருக்கும். அந்தக் கேள்விக்குறிக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. ஏழாம் மாதம் முடிகிற வேளையில், கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட்டை மூன்று முறை எதிர்த்து நின்ற பெற்றோருக்குப் பிறக்கும் பிள்ளை என்பதுதான் ஆரூடம். அந்தக் கணக்குக்கு இரண்டு குழந்தைகள் பொருந்துகிறார்கள். ஜூலை 30-ல் பிறந்த நெவில் லாங்பாட்டம், 31-ல் பிறந்த ஹாரி. ஒட்டுக்கேட்டவன் பாதி ஆரூடத்தைத்தான் கேட்டுப் போய்ச் சொன்னான். அந்தப் பாதியை நம்பி வோல்டமோர்ட் ஹாரியின் வீட்டைத் தேடிப் போனான். அதற்குப் பிறகுதான் சீட்டில் ஹாரியின் பெயர் ஏறியது. அதாவது, நாயகனைத் தேர்ந்தெடுத்தவன் வில்லன்.

ஆறாம் பாகத்தில் பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் இதை ஹாரிக்குப் புரிய வைக்கப் படாத பாடு படுகிறார். ஆரூடத்தை நீ கேள்விப்படவே இல்லை என்று வைத்துக்கொள், அப்போது அவனை என்ன செய்ய நினைப்பாய் என்று கேட்கிறார். அப்போதும் அவனை ஒழிக்கத்தான் நினைப்பேன், அதை நானே செய்ய விரும்புவேன் என்பதுதான் ஹாரியின் முடிவு. ஆரூடத்தை எடுத்துவிட்டாலும் நிற்கிற காரணம் அது. நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்த நாட்களில், ஏழாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிற பிள்ளைகள் முதலில் பேசியது ஹாரியைப் பற்றி இல்லை. வாளை உருவிப் பாம்பின் தலையை வெட்டினானே நெவில், அவனைப் பற்றித்தான். சீட்டில் பெயர் ஏறாமல் போன பையன் அவன். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் யோசிப்பார்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: மாயக்கதையில்தான் இந்த ‘இவன்தான் அவன்’ வருகிறது. பேய்க்கதையில், ஹாரர் படங்களில் அப்படி யாரையும் தேர்ந்தெடுப்பதில்லையே?

தேர்ந்தெடுக்கிறார்கள். பலி கொடுக்கத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு வகைக் கதைகளும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று நான் நினைப்பது இதனால்தான். குறி ஒன்றுதான். மாயக்கதை அந்தக் குறியைப் பார்த்து முடி சூட்டும். பேய்க்கதை பலிபீடத்துக்கு அழைத்துப் போகும்.

1973-ல் வந்த ‘தி விக்கர் மேன்’ படத்தைப் பாருங்கள். காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு ஒரு போலீஸ்காரர் போகிறார். முந்தைய வருஷம் அங்கே விளைச்சல் பொய்த்திருக்கிறது. கடைசியில்தான் தெரிகிறது, அந்த ஊரே சேர்ந்து அவரைத்தான் தேடியிருக்கிறது என்று. தானாக விரும்பி வந்தவர், சட்டத்தின் பெயரால் ராஜாவின் அதிகாரத்தோடு வந்தவர், பிரம்மச்சாரி, முட்டாள். இந்த நான்கும் ஒரே ஆளிடம் வேண்டும், அவரிடம் இருக்கிறது. மாயக்கதையில் ஒரு குரு இதே மாதிரி பட்டியலைப் படித்தால் நாம் கைதட்டுவோம். இங்கே அவரைக் கூண்டில் அடைத்து எரிக்கிறார்கள்.

நம் வீட்டிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. விக்கிரமாதித்தனும் வேதாளமும். வேதாளம் முருங்கை மரம் ஏறுவது எல்லாருக்கும் தெரியும். ராஜா எதற்காக அந்தப் பிணத்தைத் தூக்கி வருகிறான் என்று கேட்டால் பலருக்கு நினைவு இருப்பதில்லை. ஒரு சந்நியாசி தினமும் அரண்மனைக்கு வந்து ஒரு பழம் கொடுக்கிறான். ராஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பொக்கிஷக்காரனிடம் தந்துவிடுகிறான். ஒரு நாள் குரங்கு ஒன்று பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு காலம் காத்திருந்து அந்தச் சந்நியாசி கேட்பது ஒரே ஓர் உதவி. உன்னைப் போன்ற வீரனால்தான் முடியும், மயானத்துக்கு வந்து மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்து வா என்கிறான். புகழ்ந்துதான் கூப்பிடுகிறான். அவனுக்கு உண்மையில் வேண்டியது ராஜாவின் தலை.

அதை ராஜாவிடம் சொல்வது வேதாளம். “உன்னை விழுந்து கும்பிடச் சொல்வான். ராஜாவாகப் பிறந்த எனக்கு அது பழக்கமில்லை, நீயே ஒருமுறை செய்து காட்டு என்று கேள்.” சந்நியாசி குனிகிறான், ராஜாவின் வாள் இறங்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. பேய் உண்மை பேசுகிறது, காவி கட்டியவன் பொய் பேசுகிறான். ‘உன்னால்தான் முடியும்’ என்று ஒருவர் சொன்னால் ஏன் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதை இதைவிட நேராகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

ஹாரி பாட்டரிலும் கடைசியில் இந்த நாற்றம் அடிக்கிறது. சரியான நேரத்தில் சாக வேண்டும் என்பதற்காகவே அந்தப் பையன் காப்பாற்றப்பட்டு வந்தான் என்று தெரியும்போது, வெட்டுவதற்காகப் பன்றியை வளர்ப்பது போல வளர்த்திருக்கிறீர்களே என்று டம்பிள்டோரிடமே கேட்கிறான் அதே பள்ளியின் ஆசிரியன் ஸ்நேப். அந்த இடத்தில் மாயக்கதை பேய்க்கதையாகிறது. அந்தத் துணிச்சலுக்காகவே அந்த நாவல் எனக்குப் பிடிக்கும்.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: உங்கள் கணக்குப்படி அரவானை எங்கே வைப்பீர்கள்? நாயகனா, பலியா?

உங்கள் பக்கத்து ஊர்க்காரிதான் நான். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அரவான் களப்பலி கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ராத்திரி மறக்காது. நடுநிசி வரைக்கும் கட்டியக்காரன் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பான். பிள்ளைகள் பாயில் சுருண்டு தூங்கிவிடும். விடியற்காலம் நெருங்கும்போது முகவீணையின் சத்தம் மாறும், அம்மாக்கள் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். கிருஷ்ணன் கணக்குச் சொல்கிற இடம் அது. போரில் ஜெயிக்க வேண்டுமானால் முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி தர வேண்டும். பாண்டவர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர். கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். (ஊருக்கு ஊர் விவரம் மாறும். எங்கள் ஊர்ப்பக்கம் நான் கேட்டது இப்படி.)

கிருஷ்ணன் இல்லாமல் போரை நடத்த முடியாது. அர்ஜுனன் இல்லாமல் வில்லெடுக்க ஆள் இல்லை. மிச்சம் இருப்பவன் நாககன்னி உலூபியின் மகன். அப்பாவோடு இருந்து வளராத பிள்ளை, சண்டைக்கு உதவ வந்த பிள்ளை. லட்சணம் மூன்று பேருக்கும் இருந்தது. போனாலும் நஷ்டமில்லை என்ற கணக்கு ஒருவனுக்குத்தான் பொருந்தியது. வேடம் கட்டியவர் அந்த நேரத்தில் எதுவும் பேச மாட்டார், பாட மாட்டார். அப்படியே நின்று அர்ஜுனனைப் பார்ப்பார். அர்ஜுனன் வேடக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூட்டத்தில் முதல் விசும்பல் அப்போதுதான் கேட்கும்.

அரவான் சம்மதிக்கிறான். சம்மதித்துவிட்டு வரம் கேட்கிறான். சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும், வெட்டுண்ட பிறகும் போரை முழுதாகப் பார்க்க வேண்டும். முதல் வரத்துக்காகக் கிருஷ்ணன் மோகினியாகிறான். அதை நினைத்துத்தான் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்துவிட்டு அழுகிறார்கள். ஆனால் எனக்கு இரண்டாவது வரம்தான் பெரிதாகப் படுகிறது. என்னை எதற்காகக் கொன்றீர்கள், அதற்கு அது தகுமா என்று நான் பார்க்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளை அவன். நாயகனா பலியா என்று கேட்டால், இரண்டும்தான். அந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பதால்தான் ஊர் இன்னும் அவனுக்காக அழுகிறது.

தருமபுரியிலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்: உங்கள் கட்டுரை எனக்கு வருத்தமாக இருந்தது. என் மாணவர்கள் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். “நீ சாதாரண ஆள் இல்லை” என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்கிற ஒரே இடம் இந்தக் கதைகள். அதையும் பறிப்பானேன்?

ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் படுக்கிற ஹாரிக்கு மந்திரப் பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது என்ற இடத்தில் ஒரு பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தால் அதைத் தொட எனக்கு மனசு வராது. நான் எதிர்ப்பது அந்தக் கடிதத்தை இல்லை. அதற்குப் பின்னால் சில கதைகள் செய்கிற வேலையைத்தான்.

குயவர் வீட்டுப் பையன் ஒருவன் அநியாயத்தை எதிர்த்து நிற்பான். நம் பிள்ளை அவனோடு சேர்ந்து நிற்கும். மூன்றாம் பாகத்தில் பார்த்தால் அவன் குயவர் மகனே இல்லை, ஆற்றில் விடப்பட்ட ராஜகுமாரன் என்று வரும். அவனுடைய வீரத்துக்கும் புத்திக்கும் காரணம் கேட்டால் ரத்தம் என்று பதில் வரும். அதுவரை நம்பிக்கையோடு படித்துக்கொண்டிருந்த குயவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் என்ன மிச்சம்? கொடுத்ததைக் கதை திரும்ப வாங்கிக்கொண்டது என்பதுதான் என் கோபம்.

பெரிய ஸ்டூடியோக்களும் இதைச் செய்திருக்கின்றன. ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 2017-ல் வந்த படத்தில் ரே என்ற பெண்ணிடம் உன் பெற்றோர் பெயர் சொல்லும்படியான யாருமில்லை, குடிக்கக் காசு வேண்டி உன்னை விற்றவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவளுக்குள் இருக்கும் சக்தி எந்த வம்சத்திலிருந்தும் வந்ததில்லை என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்ததாக 2019-ல் வந்த படம் அவளைப் பழைய சக்கரவர்த்தி பால்படீனின் பேத்தியாக்கிவிட்டது. பிறப்பைப் பார்த்து ஆளை எடை போடுகிற வழக்கத்தை நாம் போதுமான அளவு அனுபவித்த ஊர்க்காரர்கள். அதையே மாயக்கதை வழியாகவும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

உங்கள் மாணவர்களிடம் நீங்கள் சொல்லும் “நீ சாதாரண ஆள் இல்லை” என்பது வேறு. அது அவர்களைத் தெரிந்து சொல்வது. அதைத் தொடர்ந்து சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து, எட்டாம் வகுப்பு மாணவி: ஏன் ஆன்ட்டி எப்பவுமே பையனையே தேர்ந்தெடுக்கிறாங்க?

பெண்ணைத் தேர்ந்தெடுத்த கதையும் இருக்கிறது கண்ணு. ‘பஃபி’ என்று அமெரிக்கத் தொடர் ஒன்று, 1997 முதல் 2003 வரை டிவியில் வந்தது. தலைமுறைக்கு ஒரே ஒரு பெண்ணுக்கு ரத்தக்காட்டேரிகளோடு சண்டை போடுகிற சக்தி கிடைக்கும். அவள் செத்தால்தான் அடுத்தவளுக்கு. கொஞ்சம் பயமாகவே இருக்கும், வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்.

முதல் வருஷக் கடைசியில் ஒரு கட்டம். நாளை நீ செத்துப்போவாய் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பெரியவர்கள் இரண்டு பேர் அதைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பதை பஃபி வாசலில் நின்று கேட்டுவிடுகிறாள். முதலில் சிரிக்கிறாள். அப்புறம் புத்தகங்களை எடுத்து வீசுகிறாள். எனக்குப் பதினாறு வயசுதான் ஆகிறது, எனக்குச் சாக இஷ்டமில்லை என்கிறாள். மற்ற கதைகளில் ஆரூடம் கேட்ட பையன் தாடையை இறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். இவள் அழுகிறாள், கழுத்தில் இருக்கும் சிலுவையைக் கழற்றிப் போடுகிறாள். பிறகு தானாகவே கிளம்பிப் போகிறாள். எழுதியிருந்தபடியே தண்ணீரில் மூழ்கிச் சாகவும் செய்கிறாள். ஆனால் அவளுடைய நண்பன் ஒருவன் பின்னாலேயே வந்து, வாயில் காற்று ஊதிப் பிழைக்க வைக்கிறான். அவனைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.

2003-ல் வந்த கடைசி அத்தியாயம் இன்னும் நல்லது. ‘தலைமுறைக்கு ஒருத்தி’ என்ற சட்டத்தை யார் போட்டது? எப்போதோ வாழ்ந்த சில ஆண்கள். நாம் ஏன் அதைக் கேட்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, தன் சக்தியை உலகத்தில் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறாள். விளையாட்டு மைதானத்தில் மட்டையோடு நிற்கும் ஒரு சின்னப் பெண்ணின் முகம் மாறுகிறது. வேறெங்கோ ஒருத்தி, தன்னை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அந்தப் பெண்களுக்குப் பெயர் கூடச் சொல்ல மாட்டார்கள். உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் அந்தக் காட்சிதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: ‘டியூன்’ பாலைவன நாயகன் பால், நல்லவனா கெட்டவனா?

அவன் நல்லவன். அவனால் நடந்தது கொடுமை. 1965-ல் வந்த நாவலிலேயே விஷயம் இருக்கிறது. மீட்பர் வருவார் என்ற நம்பிக்கையை அந்தப் பாலைவன மக்களிடம் விதைத்தது ஒரு பெண் துறவியர் சபை. தங்கள் ஆட்களுக்கு ஆபத்துக் காலத்தில் உதவட்டும் என்று பல கிரகங்களிலும் விதைத்து வைத்தது. பால் வந்து அதை அறுவடை செய்துகொண்டான். 1969-ல் வந்த இரண்டாம் நாவலில், தன் பெயரால் நடந்த போரில் 6,100 கோடிப் பேர் செத்தார்கள் என்று அவனே கணக்குச் சொல்கிறான். முதல் நாவலோடு நிறுத்தியவர்கள் அவனை இன்னும் கொண்டாடுகிறார்கள். இரண்டாவதையும் படித்துவிடுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி: குறியுள்ள நாயகன் இல்லையென்றால், அவ்வளவு பெரிய தீய சக்தியை யார்தான் ஒழிப்பது? நம்புகிற மாதிரி இருக்குமா?

1897-ல் வந்த ‘டிராகுலா’வைப் படியுங்கள். அதில் யாருக்கும் குறி இல்லை, ஆரூடம் இல்லை. ஜோனதன் என்ற வக்கீல், அவர் மனைவி மீனா, ஒரு மனநல மருத்துவர், ஒரு பிரபு, மோரிஸ் என்ற அமெரிக்கர், ஒரு வயதான பேராசிரியர். டிராகுலா லண்டனுக்குக் கொண்டுவந்தது 50 பெட்டி மண். அதில்தான் அவன் படுக்க முடியும். அவை எங்கெங்கே இறக்கப்பட்டன என்று வண்டிக்காரர்களை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடிக்கிறார்கள். 49 பெட்டிகளையும் கெடுத்துவிடுகிறார்கள், ஒன்று மட்டும் சிக்கவில்லை. அந்த ஒரு பெட்டியோடுதான் டிராகுலா தப்பி ஓடுகிறான்.

எல்லாருடைய நாட்குறிப்பையும் கடிதத்தையும் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்கியவள் மீனா. அப்படி அடுக்கியதால்தான் யாருக்கும் தனியாகத் தெரியாத உண்மை தெரிகிறது. அவன் எந்த ஆற்றின் வழியாக ஊர் திரும்புவான் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வதும் அவள்தான். ஏற்கெனவே டிராகுலாவால் கடிபட்டு, தானும் அவனைப் போல ஆகிக்கொண்டிருக்கும்போது அந்த வேலையைச் செய்கிறாள். கடைசியில் பொழுது சாய்கிற நேரத்தில் ஜோனதனின் குக்ரிக் கத்தி கழுத்தில் பாய்கிறது, மோரிஸின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. மோரிஸ் அந்தச் சண்டையிலேயே காயம்பட்டுச் சாகிறார். எனக்கு இது எந்த மந்திர வாளைவிடவும் நம்பும்படி இருக்கிறது. இவர்கள் தோற்கவும் முடியும் என்பதால் பக்கத்தைத் திருப்பக் கை நடுங்கும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தமிழாசிரியை: ‘இவன்தான் அவன்’ என்று சொன்ன பிறகும் வேண்டாம் என்றவர்கள் உண்டா?

டீச்சர், நீங்கள் பாடம் நடத்தும் நூலிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் அதை எழுதியவர். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதை சொல்கிறபடி, வஞ்சியின் மணிமண்டபத்தில் தந்தையின் பக்கத்தில் இருந்த இளங்கோவைப் பார்த்து, அரசு வீற்றிருக்கும் திருப்பொறி இவனுக்கு உண்டு என்கிறான் நிமித்திகன். மூத்தவன் செங்குட்டுவன் இருக்கும்போதே. இளங்கோ அந்த நிமித்திகனைக் கோபத்தோடு பார்க்கிறார். அண்ணனின் மனவருத்தம் தீரத் துறவு பூண்டுவிடுகிறார். சகோதரர்கள் சிம்மாசனத்துக்காக வெட்டிக்கொள்ளும் மாயக்கதைகள் வண்டி வண்டியாக இருக்கின்றன. ஆரூடம் சொன்னவன் மேல் கோபப்பட்ட நாயகனை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொருவர் கண்ணகி. வேட்டுவ வரியில் சாமி வந்த சாலினி அவளைக் காட்டி, கொங்கச் செல்வி, குடமலையாட்டி, தென்தமிழ்ப் பாவை என்று அடுக்குகிறாள். கண்ணகி என்ன செய்கிறாள்? “பேதுறவு மொழிந்தனள் மூதறிவாட்டி”, அதாவது இந்த அறிவுள்ள மூதாட்டி மயக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டாள் என்று சொல்லி, கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி, லேசாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மதுரை அரசவையில் அவள் நிமிர்ந்து நின்றபோது சாலினி சொன்னதைச் சான்றாகக் காட்டவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று சொல்லி உடைத்துக் காட்டினாள். வழக்கை ஜெயித்தது அந்தப் பரல். இளங்கோவைப் போல ஆரூடத்தைத் தன் மேலேயே வாங்கியவர் எழுதியதால்தான் சாலினியின் வாக்கு அவ்வளவு அடக்கமாக, ஒரு வெட்கத்தோடு வந்துபோகிறது என்பது என் எண்ணம்.

மதுரையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: கொல்லிமலையைப் பின்னணியாக வைத்து ஒரு மாய நாவல் எழுதுகிறேன். நாயகனின் இடது உள்ளங்கையில் பாம்பு வடிவ மச்சம். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு சித்தர் சுவடியில் அவனைப் பற்றி எழுதிவிட்டார். 14 அத்தியாயம் முடித்துவிட்டேன். உங்கள் கட்டுரையைப் படித்ததும் மச்சத்தை எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

எடுக்காதீர்கள், அவசரம் வேண்டாம். முதலில் அந்தச் சுவடியைக் கவனியுங்கள். பனையோலை செல்லரிக்கும். யாராவது அவ்வப்போது புது ஓலையில் படி எடுத்தால்தான் எழுதியது பிழைக்கும். உங்கள் சித்தர் எழுதியதை முந்நூறு வருஷமாகப் படி எடுத்தது யார்? எந்தக் குடும்பம், எந்த மடம்? அவர்களுக்குச் சோறு போட்டது யார்? படி எடுக்கிற கை ஒரு சொல்லை மாற்றினால் ‘காப்பான்’ என்பது வேறாகிவிடும். உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டது இதற்காகத்தான். ஒரே நூலுக்குப் பிரதிக்குப் பிரதி பாடபேதம். உங்கள் நாயகனைப் பற்றிய சுவடிக்கு மட்டும் அது இருக்காதா?

இன்னொன்று, கொல்லிமலை என்று சொல்லிவிட்டுக் கொல்லிப்பாவையை விட்டுவிடாதீர்கள். பூதம் செய்து வைத்த பாவை என்று நற்றிணை சொல்கிறது. சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது பழைய நம்பிக்கை. அவளுக்கு மச்சம் பார்க்கத் தெரியாது, வந்தவன் யாராக இருந்தாலும் ஒன்றுதான். உங்கள் பையனை அவள் முன்னால் ஒருமுறை நிறுத்துங்கள். மச்சம் காப்பாற்றாது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அப்படியும் அவன் மேலே ஏறுகிறானா, ஏறினால் யாருக்காக ஏறுகிறான் என்பதை நீங்கள் அங்கே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பதினைந்தாம் அத்தியாயத்தில் இரண்டாவது சுவடி ஒன்று கிடைக்கட்டும். அதில் அதே வரி இருக்கட்டும், ஆனால் வலது கை என்று இருக்கட்டும். அந்த ஊரில் வலது கையில் மச்சம் உள்ளவள் யார் என்று எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.